சிசேரியன்: தோலில் ஒரு வெட்டு, உள்ளே இன்னொரு வெட்டு

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருபவர்கள் ஆணா பெண்ணா என்று கேட்டு முடித்ததும் அடுத்துக் கேட்பது, "சுகப்பிரசவமா, ஒப்பரேசனா?" ஒப்பரேசன் என்றால் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி இன்னொரு கேள்வி வரும்: "குறுக்கால வெட்டினவங்களா, நெடுக்கால வெட்டினவங்களா?" மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் இதைக் கேட்கிற மாமிமாருக்கு விசயம் தெரியும். வெட்டிய திசை முக்கியமானதுதான். ஆனால் அவர்கள் விசாரிப்பது வயிற்றுத் தோலில் உள்ள வெட்டை. அடுத்த பிள்ளைப்பேறு எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பது கர்ப்பப்பையில் உள்ள வெட்டு. தோலில் அழகாகக் குறுக்குத் தழும்பு உள்ள ஒருத்திக்கு உள்ளே கர்ப்பப்பையில் நெடுக்காக வெட்டியிருக்கலாம். வெளியில் பார்த்து எந்த நிபுணராலும் அதைச் சொல்ல முடியாது.

சிசேரியன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே மாதிரியான ஒப்பரேசன் அல்ல. தோலில் தொடங்கிக் கர்ப்பப்பை வரைக்கும், பிறகு திரும்பித் தோல் வரைக்கும், ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று வழிகள் உண்டு. யாரிடம் பயின்றார் என்பதைப் பொறுத்து ஒரு வைத்தியரின் கை ஒரு வழிக்குப் பழகியிருக்கும். எந்த வழி தாய்க்கு நல்லது என்று உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வந்த முடிவுகளில் சில, பல தலைமுறையாக வைத்தியர்கள் தங்களுக்குள் பிடித்த சண்டைகளை வீண் சண்டை ஆக்கிவிட்டன.

இலங்கையில் இப்போது பிள்ளைப்பேறு ஏறக்குறைய முழுவதும் வைத்தியசாலையில்தான். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நூற்றுக்கு 32 பிறப்புகள் சிசேரியன். தமிழ்நாட்டில் 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் நூற்றுக்கு 45. ஒரு நாட்டில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டி இந்த எண் ஏறுவதால் தாய், சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது. அது நாட்டுக்கணக்கு. குறுக்காகக் கிடக்கும் பிள்ளையோடு வலி எடுத்து வரும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கணக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கத்துப் பெண்கள் வலியோடு துறையில் காத்திருந்து, படகுப் பாதையில் ஏறித் தண்ணீரைக் கடந்துதான் திருகோணமலைக்கு வர வேண்டியிருந்தது. இன்றைக்கு நகரில் பொது வைத்தியசாலையும், கிண்ணியா, மூதூர், கந்தளாயில் ஆதார வைத்தியசாலைகளும் இருக்கின்றன. கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஒரு கொடை என்றே நான் நினைக்கிறேன். ஆகவே சிசேரியன் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இங்கே போகவில்லை. வெட்டுவது என்று முடிவான பிறகு நடப்பதைப் பார்ப்போம்.

முதலில் விறைப்பு. இப்போது பெரும்பாலும் முள்ளந்தண்டில் ஊசி போட்டு, மார்புக்குக் கீழே விறைக்கப்பண்ணித்தான் செய்கிறார்கள். தாய் விழித்திருப்பாள், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பாள். முழு மயக்கம் கொடுப்பது மிக அவசரத்துக்கும், இரத்தம் உறைவதில் கோளாறு போன்ற காரணங்களால் முதுகில் ஊசி போட முடியாதவர்களுக்கும். ஒன்றை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது. விறைப்பு வலியைத்தான் போக்கும். தொடுகையை முழுதாகப் போக்காது. வயிற்றுக்குள் யாரோ கையை விட்டு இழுப்பது போலவும், நெஞ்சுக்குக் கீழே அமத்துவது போலவும் தெரியும். இது தெரியாத பெண்கள் "ஐயோ, விறைக்கவில்லை" என்று பயந்துபோகிறார்கள். பிறகு வருடக்கணக்கில் வரும் முதுகுவலிக்கெல்லாம் அந்த ஊசிதான் காரணம் என்ற பேச்சும் ஊரில் உண்டு. பிள்ளையைத் தூக்குவதும், குனிந்து பால் கொடுப்பதும், கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்களும் தரும் வலியை அந்த ஊசியின் தலையில் கட்டுவது நியாயமல்ல.

அடுத்தது தோல். இதில் மூன்று வழிகள். தொப்புளுக்குக் கீழே நேர் நெடுக்காக வெட்டுவது பழைய வழி. இடம் தாராளமாகக் கிடைக்கும், தேவைப்பட்டால் மேலே நீட்டலாம். ஆனால் வலி கூட, பிற்காலத்தில் அந்த இடத்தில் குடலிறக்கம் வரும் வாய்ப்பும் கூட. இன்று அதைக் கையில் எடுப்பது பெரிய இரத்தப்போக்கை எதிர்பார்க்கும்போது, அல்லது ஏற்கனவே அதே கோட்டில் வெட்டிய தழும்பு இருக்கும்போது. இரண்டாவது, ஜெர்மன் மகப்பேற்று வைத்தியர் பானென்ஸ்டீல் 1900 இல் எழுதி வைத்த குறுக்கு வெட்டு. அடிவயிற்றில், உரோமம் தொடங்கும் கோட்டுக்குப் பக்கத்தில், இலேசாக மேல்நோக்கி வளைந்த கோடு. ஊரில் "குறுக்கால" என்றால் அநேகமாக இதுதான். மூன்றாவது ஜோயல்-கோஹன் வெட்டு. இதுவும் குறுக்குத்தான், ஆனால் வளைவில்லாத நேர்கோடு, பானென்ஸ்டீல் கோட்டைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். கர்ப்பப்பையை அகற்றும் ஒப்பரேசனுக்காக உருவானதை ஜெரூசலத்தில் மிஸ்காவ் லடாக் வைத்தியசாலையில் இருந்த மைக்கேல் ஸ்டார்க் சிசேரியனுக்குக் கொண்டுவந்து, 1990களில் பரப்பினார்.

கடைசி இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் கோட்டின் உயரத்தில் இல்லை, அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. தோலுக்குக் கீழே கொழுப்பு, அதற்குக் கீழே வெள்ளையாகத் தடித்த தசையுறை, பிறகு நெடுக்காக ஓடும் இரண்டு வயிற்றுத் தசைகள், கடைசியாக மெல்லிய வயிற்றறைச் சவ்வு. பானென்ஸ்டீல் வழியில் கொழுப்பையும் உறையையும் கத்தியாலும் கத்தரிக்கோலாலும் வெட்டி, உறையைத் தசையிலிருந்து உரித்தெடுப்பார்கள். ஜோயல்-கோஹன் வழியில் நடுவில் மட்டும் சின்னதாக வெட்டித் திறந்துகொண்டு, மிச்சத்தை இரண்டு கை விரல்களாலும் இழுத்துப் பிரிப்பார்கள். கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் துணியை நூலோட்டத்தில் கிழித்தால் சீராகக் கிழிவதுபோல, திசுக்கள் தம் இழை போகும் திசையிலே பிரிகின்றன. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கத்திக்கு அறுபடும், விரலுக்கு நெளிந்து கொடுத்து ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் ஒன்று நமக்குப் பக்கத்தில் வேலூரில் நடந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூஸ் மத்தாயும் அவருடன் பணியாற்றியவர்களும் 101 பெண்களைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பானென்ஸ்டீலும் மறு பாதிக்கு ஜோயல்-கோஹனும் செய்தார்கள். 2002 இல் வெளியான முடிவில் ஜோயல்-கோஹன் பக்கத்துப் பெண்களுக்கு வலி மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. ஒப்பரேசனும் சராசரியாகப் பதினொரு நிமிடம் முன்னதாக முடிந்தது, இரத்த இழப்பும் குறைவு. 101 பேர் என்பது சின்னத் தொகைதான். ஆனாலும் அதே ஆண்டில் இத்தாலியில் 310 பெண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒப்பரேசனுக்குப் பிந்திய காய்ச்சல் போன்ற தொல்லைகளும் ஜோயல்-கோஹன் பக்கத்திலேயே குறைந்திருந்தன. பெரிய தியேட்டர்களில் இந்த முறை பரவியதற்கு வேகமும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் ஒரு பரவலான நம்பிக்கையைத் திருத்திவிட்டுப் போக வேண்டும். "தசையெல்லாம் வெட்டியாச்சு, இனிப் பாரம் தூக்கேலாது" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். வழக்கமான சிசேரியனில் வயிற்றுத் தசையை வெட்டுவதில்லை. நடுவில் பிரித்து இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு உள்ளே போகிறார்கள். தைப்பது தசையுறையை. அது இறுகும் வரை சில வாரங்களுக்குப் பாரம் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது கர்ப்பப்பைக்கு வருவோம். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தால் தாய் பெரும்பாலும் பிழைப்பதில்லை. கர்ப்பப்பையை வெட்டினார்கள், ஆனால் தைக்கவில்லை. அது தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். இரத்தம் போயோ புண் பழுத்தோ செத்துப்போனார்கள். 1876 இல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ பொர்ரோ என்ற வைத்தியர் பிள்ளையை எடுத்த கையோடு கர்ப்பப்பையையும் வெட்டி எடுத்துத் தாயைக் காப்பாற்றினார். உயிர் மிஞ்சியது, இனிப் பிள்ளை இல்லை. 1882 இல் லைப்சிக் நகரின் மாக்ஸ் சேங்கர் கர்ப்பப்பையை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் கவனமாகத் தைத்துக் காட்டிய பிறகுதான் சிசேரியன் என்பது தாயும் பிள்ளையும் வீடு திரும்பக்கூடிய ஒன்றானது.

அவர்களெல்லாம் வெட்டியது கர்ப்பப்பையின் உடற்பகுதியை, நெடுக்காக. இன்றும் அதற்குக் கிளாசிக்கல் வெட்டு என்றே பெயர். அதை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையின் அடிப்பகுதியில் குறுக்காக வெட்டும் யோசனையை ஜெர்மனியில் கேரர் என்பவர் 1881 இலேயே செய்து பார்த்திருந்தார்; யாரும் கண்டுகொள்ளவில்லை. கிளாஸ்கோவின் மன்றோ கேர் 1920களில் அதை வாதாடி நிலைநாட்டினார். இன்று உலகெங்கும் செய்யும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஏன் அடிப்பகுதி? கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கர்ப்பப்பையின் கீழ்ப்பாகம் நீண்டு மெலிகிறது. மேற்பகுதி போலத் தடித்த தசை அங்கே இல்லை; இரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே வெட்டும்போது இரத்தம் குறைவாகப் போகும், தைப்பது சுலபம். அதைவிட முக்கியமானது பிள்ளை பிறந்த பிறகு நடப்பது. மேற்பகுதி விடாமல் சுருங்கிச் சுருங்கி விரியும். அதில் போட்ட தையல் தளர்ந்துபோக இடமுண்டு. கீழ்ப்பகுதி அவ்வளவாக அசைவதில்லை. காயம் அமைதியாக ஆறும். அடுத்த கர்ப்பத்தில் வலி வந்து கர்ப்பப்பை இறுகும்போது பழைய தழும்பு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அடிப்பகுதிக் குறுக்குத் தழும்பு வலியின்போது பிரியும் வாய்ப்பு ஏறக்குறைய இருநூற்றில் ஒன்று. கிளாசிக்கல் நெடுக்குத் தழும்புக்கு அது நூற்றுக்கு நான்கு முதல் ஒன்பது வரை. அதுவும் சிலருக்கு வலி தொடங்க முன்னரே பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சில நிமிடங்களே இருக்கும். அதனால்தான் கிளாசிக்கல் வெட்டுப்பட்ட பெண்ணுக்கு மறுபடி சுகப்பிரசவம் பார்க்கமாட்டார்கள். வலி வர முன்னரே திகதி குறித்துச் சிசேரியன் செய்துவிடுவார்கள்.

அப்படியானால் இன்றும் நெடுக்காக ஏன் வெட்டுகிறார்கள்? வேறு வழியில்லாத நேரங்கள் உண்டு. பிள்ளை மிகக் குறைமாதமாக இருந்தால் கீழ்ப்பகுதி இன்னும் நீண்டு உருவாகியிருக்காது. குறுக்காக வெட்ட அங்கே இடமே இல்லை. பனிக்குடம் உடைந்து தண்ணீர் முழுக்கப் போய், பிள்ளை குறுக்காக, முதுகைக் கீழே வைத்துக் கிடந்தால் அடியில் கைவிட்டு எடுக்க முடியாது. அடிப்பகுதியில் பெரிய கட்டி இருந்தாலோ, இளங்கொடி அங்கே ஒட்டி ஊடுருவியிருந்தாலோ அதை விலக்கி மேலே போகத்தான் வேண்டும். இன்னொன்றும் நடக்கும். குறுக்காக வெட்டிய பிறகு பிள்ளை சிக்கிக்கொண்டால் அந்த வெட்டின் நடுவிலிருந்தோ ஓரத்திலிருந்தோ மேல்நோக்கி நீட்ட வேண்டி வரும். அப்போது தழும்பு தலைகீழான ஆங்கில 'T' போலவோ வளைந்த கொக்கி போலவோ உள்ளே ஆறும். வெளியிலோ பிசகில்லாத குறுக்குத் தழும்பு. மாமி கேட்டால் "குறுக்காலதான்" என்று அந்தப் பெண் நம்பிக்கையோடு சொல்வாள், பொய்யும் இல்லை.

பிள்ளை வெளியே வர எடுப்பது சில நிமிடங்கள்தான். மிச்சம் அரை மணித்தியாலத்துக்கு மேல் போவது தைப்பதற்கு. வைத்தியர்கள் தங்களுக்குள் அதிகம் சண்டை பிடித்ததும் இந்தப் பகுதியைப் பற்றித்தான். கர்ப்பப்பையை ஒரு அடுக்காகத் தைப்பதா, இரண்டு அடுக்காகவா? தைக்கும்போது அதை வயிற்றுக்கு வெளியே தூக்கி வைத்துத் தைப்பதா, உள்ளே வைத்தேயா? வயிற்றறைச் சவ்வைத் தைத்து மூடுவதா, அப்படியே விட்டால் தானாக ஒட்டிக்கொள்ளுமா? விலங்குக் குடலில் செய்யும் குரோமிக் கட்கட் நூலா, செயற்கை நூலா? வயிற்றைத் திறக்கும்போது விரலா, கத்தியா?

இந்த ஐந்து கேள்விகளையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது கொரோனிஸ் என்ற ஆய்வு. ஒக்ஸ்போர்டிலிருந்து ஒருங்கிணைத்தார்கள். ஆனால் பெண்கள் ஆர்ஜென்டினா, சிலி, கானா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், சூடான் ஆகிய ஏழு நாடுகளைச் சேர்ந்தவர்கள். அதாவது பணக்கார நாட்டுத் தியேட்டர்களில் அல்ல, நம்முடையதைப் போன்ற நெரிசலான வாட்டுகளில் நடந்த சோதனை. இலங்கை அதில் இல்லை. ஆனாலும் முடிவு நமக்குப் பொருந்தும் என்று நான் நம்புவதற்கு அந்த வாட்டுகளின் ஒற்றுமைதான் காரணம். மொத்தம் 15,935 பெண்கள். யாருக்கு எந்த வழி என்பதைச் சீட்டு முடிவுசெய்தது, வைத்தியரின் விருப்பம் அல்ல. இறப்பு, தொற்று, மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக நேர்வது, ஒரு பைக்கு மேல் இரத்தம் ஏற்ற நேர்வது ஆகியவற்றை ஆறு வாரம் வரை எண்ணினார்கள். 2013 இல் முடிவு வந்தது. ஐந்து சோடிகளிலும் வித்தியாசம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அதோடு விடாமல் மூன்று வருடம் கழித்து 13,153 பெண்களைத் திரும்பத் தேடிப் பிடித்து, அடுத்த கர்ப்பம், வயிற்றுவலி, குடலிறக்கம் எல்லாம் விசாரித்தார்கள். 2016 இல் வந்த பதிலும் அதேதான்.

இதை வாசித்துவிட்டு "அப்ப எப்படித் தைத்தாலும் ஒன்றுதானே" என்று முடிவு கட்ட வேண்டாம். தழும்பு பிரிவது அரிது. அவ்வளவு அரிதான ஒன்றில் ஒரு வழிக்கும் மற்ற வழிக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பதினாறாயிரம் பேரும் போதாது. 2002 இல் கனடாவின் மொன்றியலில் இருந்து வந்த ஓர் ஆய்வு, ஒரே அடுக்காகத் தைத்த பெண்களுக்கு அடுத்த பிரசவ வலியில் தழும்பு பிரிவது நான்கு மடங்கு என்று சொல்லிப் பலரைக் கலங்கடித்தது. அது சீட்டுப்போட்ட சோதனை அல்ல, பழைய பதிவேடுகளைப் புரட்டியது. பின்னால் வந்த அலசல்கள், குற்றம் ஒற்றை அடுக்கில் அல்ல, ஒவ்வொரு தையலையும் கொளுவி இறுக்கும் பூட்டுத் தையலில் இருக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தன. நெதர்லாந்தில் 2,292 பெண்களிடம் ஒற்றை அடுக்கையும் இரட்டை அடுக்கையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஒன்பது மாதம் கழித்து மாதவிடாய்க்குப் பிறகும் சொட்டுச் சொட்டாகத் தீட்டுப்படும் தொல்லை இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. இன்னும் பிள்ளை பெற நினைக்கும் பெண்ணுக்கு இரட்டை அடுக்குப் போடும் வைத்தியர்கள் பலர். அது வீண் வேலை அல்ல. உறுதியான ஆதாரம் வந்து செய்வதும் அல்ல. எச்சரிக்கை.

நூலைப் பற்றிய சண்டை முடிந்தது என்றால் எதில்தான் வித்தியாசம்? கத்தி தொடுவதற்கு முன்னும் பின்னும் நடக்கும், யாரும் பேசாத வேலைகளில். முதலாவது, வெட்டுவதற்கு முன்னரே ஏற்றும் அன்டிபயோட்டிக் ஊசி. இது தொற்றைப் பாதிக்கு மேல் குறைக்கிறது. முன்பெல்லாம் மருந்து பிள்ளைக்குப் போய்விடும் என்று தொப்புள்கொடியை இறுக்கிய பிறகுதான் கொடுத்தார்கள். தோலை வெட்ட முன்னர், ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுப்பதே நல்லது என்று இப்போது தெளிவாகியிருக்கிறது. இரண்டாவது, தோலைத் துடைக்கும் மருந்து. 2016 இல் அமெரிக்காவில் 1,147 பெண்களிடம் செய்த சோதனையில், அல்ககோல் கலந்த குளோர்ஹெக்சிடின் போட்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்குக் காயம் பழுத்தது. அல்ககோல் கலந்த அயடின் போட்டவர்களில் 7.3. ஒரு போத்தல் மருந்தை மாற்றுவதால் வரும் லாபம், கர்ப்பப்பையை எப்படித் தைத்தாலும் வராத லாபம். அடுத்தது இளங்கொடியை எடுப்பது. கொடியை மெல்ல இழுத்து அது தானாகக் கழன்று வரக் காத்திருந்தால் இரத்தப்போக்கும் தொற்றும் குறைவு. கையை உள்ளே விட்டு உரித்தெடுத்தால் இரண்டும் கூடும். ஒரு நிமிடப் பொறுமைதான் வித்தியாசம். கடைசியாக, வயிற்றுக் கொழுப்பு இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் அதையும் தைக்க வேண்டும். தைக்காவிட்டால் நீர் கட்டிக் காயம் வாய் திறக்கும். தோலுக்குக் கம்பிக் கிளிப்பைவிட உள்ளோடும் நூல் தையல் மேல். கிளிப் போட்ட காயம் பிரிவது கூட.

வீட்டுக்குப் போன பிறகு காயத்துக்கு எதிரி வியர்வை. நம் கடலோர வெக்கையில், வயிற்று மடிப்புக்குள் விழும் தழும்பு எப்போதும் ஈரமாக இருக்கும். குளிக்கலாம், குளித்த பிறகு மடிப்பை விலக்கி, ஒற்றி உலர்த்த வேண்டும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் காயத்தில் பூசுவது வேண்டாம். பத்தியக்கறி சாப்பிடுவதில் தடையில்லை, சரக்குத்தூளில் கெடுதி எதுவும் இல்லை. ஆனால் "பச்சை உடம்பு" என்று தண்ணீரைக் குறைப்பது கெடுதி. எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் காலில் இரத்தம் உறையாமல் தடுக்கும். வாட்டில் மிஸ் வந்து "காத்துப் போச்சா?" என்று கேட்கும்போது வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள், குடல் விழித்துவிட்டதா என்று பார்க்கிறார். சுவிங்கம் மென்றால் குடல் கொஞ்சம் முந்தியே வேலை தொடங்குகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நூறு வருட ஒப்பரேசன் நுட்பங்களைப் பற்றி எழுதும்போது கடைச் சுவிங்கம் ஒன்றும் பட்டியலில் ஏறிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த பிள்ளைக்கு மறுபடியும் வெட்டுத்தானா? அடிப்பகுதியில் ஒரே ஒரு குறுக்குத் தழும்பு, வேறு சிக்கல் இல்லை என்றால், சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்பவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அது கைகூடுகிறது. ஏற்கனவே ஒரு பிள்ளை சுகமாகப் பிறந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். ஆனால் அந்த முயற்சி நடக்க வேண்டியது தியேட்டரும் இரத்தமும் மயக்க நிபுணரும் உடனே கிடைக்கும் வைத்தியசாலையில். நகருக்குள் இருப்பவருக்கும் வெருகலிலோ புல்மோட்டையிலோ இருப்பவருக்கும் இது ஒரே கணக்கு அல்ல. தழும்பு உள்ள பெண் வலி தொடங்கியதும் "இன்னும் கொஞ்சம் பார்ப்பம்" என்று வீட்டில் இருக்கக் கூடாது. இரண்டு வலிக்கு நடுவிலும் விடாமல் தழும்புப் பக்கம் நோவது, இரத்தம் படுவது, நன்றாக வந்துகொண்டிருந்த வலி திடீரென்று நின்றுபோவது, பிள்ளையின் துடிப்புக் குறைவது ஆகியவை ஒரு நிமிடமும் காத்திருக்காத அறிகுறிகள். தூரத்து ஊர்க்காரர்கள் திகதிக்கு முன்னரே வந்து வாட்டில் தங்கும்படி கிளினிக்கில் சொன்னால் அதற்குக் காரணம் இதுதான்.

வெட்டு எண்ணிக்கை ஏற ஏற வேறு ஓர் ஆபத்தும் ஏறுகிறது. அடுத்த பிள்ளையின் இளங்கொடி கீழே, பழைய தழும்பின் மேல் வந்து ஒட்டினால் அது கர்ப்பப்பைக்குள் வேர் விட்டதுபோல ஊடுருவிவிடலாம். எடுக்கப் போனால் இரத்தம் ஆறாக ஓடும். 2006 இல் அமெரிக்காவில் முப்பதாயிரம் சிசேரியன்களை வைத்துப் பார்த்த கணக்கு இது: இளங்கொடி கீழே இருக்கும் பெண்களில், முன்னர் ஒரு சிசேரியன் நடந்தவர்களுக்கு நூற்றுக்கு 11 பேருக்கு ஊடுருவல். இரண்டு நடந்தவர்களுக்கு 40. மூன்று நடந்தவர்களுக்கு 61. எந்த நூலால் எத்தனை அடுக்காகத் தைத்தாலும் இந்த ஏற்றத்தைத் தடுக்க முடிவதில்லை. ஆகவே தழும்பு உள்ள ஒவ்வொரு பெண்ணும் அடுத்த கர்ப்பத்தின் ஸ்கானில் "இளங்கொடி எங்கே இருக்கிறது?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கீழே என்றால் பெரிய வைத்தியசாலைக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள்.

இதெல்லாம் சரியாக நடக்க, உள்ளே எப்படி வெட்டினார்கள் என்பது அடுத்த வைத்தியருக்குத் தெரிய வேண்டும். அது இருப்பது துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில். அதில் எல்.எஸ்.சி.எஸ். என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் கர்ப்பப்பையின் அடிப்பகுதியில் வெட்டிய சிசேரியன் என்று பொருள். முன்னால் ஈ.எம். என்றிருந்தால் அவசரமாகச் செய்தது, ஈ.எல். என்றிருந்தால் திகதி குறித்துச் செய்தது. கிளாசிக்கல் என்றோ, வெட்டை மேலே நீட்டியதாகவோ எழுதியிருந்தால் அந்த ஒரு சொல் அடுத்த கர்ப்பத்தின் போக்கையே மாற்றும். எழுத்து விளங்காவிட்டால் வாட்டை விட்டு இறங்க முன்னர் டொக்டரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "கர்ப்பப்பையில எப்படி வெட்டினீங்க? அடுத்த முறை நோர்மலுக்கு முயற்சி செய்யலாமா?" பதிலைக் கார்ட்டிலேயே எழுதித் தரச் சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதைக் காட்டினால் உங்கள் பதிவேட்டிலும் குறித்து வைப்பார். ஃபோனில் ஒரு படம் எடுத்துக் கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள். கடலோர வீடுகளில் காகிதம் எவ்வளவு காலம் நிற்கும் என்பது 2004 டிசம்பர் சுனாமியைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கார்ட் தொலைந்துவிட்டால் பிள்ளை பிறந்த வைத்தியசாலையின் ரெக்கோட் றூமில் விசாரியுங்கள். ஒப்பரேசன் குறிப்பு அடங்கிய வாட்டு டிக்கட் அங்கேதான் போகும். அடுத்த கர்ப்பம் உண்டான பிறகு ஓடித்திரிவதைவிட முன்னரே போவது நல்லது. பிள்ளை பிறந்த திகதி, வாட்டு இலக்கம், நீங்கள் அனுமதியான பெயர் மூன்றையும் கொண்டுபோனால் தேடித் தருவது அவர்களுக்குச் சுலபம். கலியாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றி எழுதியவர்கள் இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.